பைப்படியில் நம்ம வரிசை

பெரியவனே, திருவிழாவுக்குப் போய்விட்டு நீ வந்த அன்றைக்கு உன் கன்னத்தில் அறைந்தேன். ஏன் என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டேன். உன் தங்கைகள் இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். உங்கள் அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. அவளுக்கு ஏன் என்று தெரியும். உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு நாலாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நீ தேர் பார்த்த கதை எல்லாம் சொன்னாய். வழியில் தாகம் எடுத்ததாகவும், நாம் முன்னே குடியிருந்த, நீ பிறந்த அந்தப் பழைய கம்பத்துக் குடியிருப்புக்குள் போய் அங்சானா மரத்தடிப் பைப்பில் தண்ணீர் குடித்ததாகவும் சொன்னாய். திருவிழா நாளாச்சே, கூட்டம் இருந்திருக்குமே என்று அம்மா கேட்டாள்.

"இருந்துச்சும்மா. ஆனா நம்ம வரிசையில ரெண்டே பேருதான்" என்றாய்.

நம்ம வரிசை எது என்று உனக்கு யார் காட்டினார்கள் என்று கேட்டேன். அங்கே நின்றவர்கள் உன் அப்பா யார், எந்த ஊர்க்காரர் என்று விசாரித்துவிட்டு, இந்தப் பக்கம் நில் தம்பி என்றார்களாம். நீ நின்றிருக்கிறாய். பெரியவர்கள் காட்டிய இடத்தில் நிற்பது பிள்ளை செய்கிற தப்பு இல்லை. ஆனாலும் அடித்துவிட்டேன். அந்த வரிசை எப்படி வந்தது என்று சொல்கிறேன், கேள்.

நான் இந்தப் பினாங்குக்கு வந்த புதிதில் துறைமுகத்தில் தண்ணீர்த் தோணியில் வேலை பார்த்தேன். கரையில் தோணியை நிரப்பி, நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் பக்கமாகக் கொண்டுபோய், கையால் பம்பு அடித்து மேலே ஏற்ற வேண்டும். நாலு பேர் அடிப்போம். தண்ணீர் விலைக்குப் போகும் என்பதை அங்கேதான் முதலில் கண்டேன். எங்கள் ஊரில் தண்ணீர் கேட்டு வந்தவனுக்கு மோர் கொடுத்தால்தான் கௌரவம். இங்கே கப்பல்காரன் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தண்ணீர் வாங்கினான். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகு அதுவே யோசனையாக மாறியது.

அந்த நாளில் டவுன் ஆயர் ஈத்தாம் பக்கமாக வளர்ந்துகொண்டே போனது. நிலத்துக்காரர்கள் தென்னையை வெட்டிப் பலகை வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். மரம் வெட்டின குழி மூடுவதற்குள் அங்கே ஒரு வீட்டுத் தூண் நிற்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், ரோடு போடுகிறவர்கள், தெருக் கூட்டுகிறவர்கள், மலவாளி எடுக்கிறவர்கள், எல்லாரும் நம் தமிழர்கள், குடும்பத்தோடு வந்து அடைந்தார்கள். வீடு வந்த வேகத்துக்குத் தண்ணீர் வரவில்லை. ஊர் ஓடியது, பைப்பு நடந்து வந்தது. இரண்டுக்கும் நடுவில் கிடந்த தூரத்தில் ஒருவன் பிழைக்கலாம் என்று எனக்குப் பட்டது.

எங்கள் கம்பத்தில் ஒரே கிணறு. நாலு வீட்டுக்கு வெட்டின கிணறு நாற்பது வீட்டுக்கு இறைத்தது. கக்கூஸ்கள் கிணற்றை நெருங்கி வந்தன. தண்ணீர் மங்கலாகி, சோறு பொங்கினால் மஞ்சளாக வடிந்தது. நான் தோணி வேலையை விட்டு, காவடிக் கம்பில் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரம் கட்டித் தண்ணீர்மலை ஓடையிலிருந்து சுமக்க ஆரம்பித்தேன். பிறகு ஒரு மாடு, ஒரு வண்டி, தேங்காய் எண்ணெய் வந்த பெரிய பீப்பாய் ஒன்று. சாம்பலும் சுண்ணாம்பும் போட்டு ஒரு வாரம் தேய்த்தும் தண்ணீரில் எண்ணெய் வாசம் போகவில்லை. உங்கள் அம்மா அந்த வாசத்தை வைத்தே நான் வருவதைத் தெரிந்துகொள்வாள். நீ அப்போது அவள் இடுப்பில்.

கம்பத்து முகப்பில் ஒரு சாப்பாட்டுக்கடை இருந்தது. நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் ஒருவர் நடத்தினார். எல்லாரும் அவரை நானா என்போம். நானும் அண்ணன் மாதிரிதான் நினைத்தேன். என் தண்ணீரில் பாதி அவர் கடைக்குப் போகும். "உன் தண்ணியில டீ போட்டா எண்ணெய் தனியா வாங்க வேணாம்லா, ரொட்டிய அதுலயே சுட்டுக்கலாம்" என்பார். ஆனால் ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை.

பிள்ளைகளே, ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கம்பத்தில் சாதி இல்லாமல் இல்லை. கல்யாணத்தில் இருந்தது, சாவில் இருந்தது, யார் வீட்டில் யார் உட்காருவது என்பதில் இருந்தது. தண்ணீரில் மட்டும் அதை யாரும் எடுத்து வைக்கவில்லை. கிணற்றடியில் முந்தி வந்தவர் முந்தி இறைத்தார்கள். எடுத்து வைக்க நேரம் இல்லை, அவ்வளவுதான். சங்கு ஊதினால் வேலைக்கு ஓட வேண்டும். என் பீப்பாயிலும் அப்படியே. மேல் கோடியில் துறைமுகத்துக்காரர்கள், கீழ்க்கோடியில் கூட்டுகிறவர்களும் வாளி எடுக்கிறவர்களும். வண்டியை நடுவில் அங்சானா மரத்தடியில் நிறுத்துவேன். வந்தவர் வந்தபடி குடத்தை நீட்டுவார்கள். நான் யார் குடத்தையும் தொட்டதில்லை, யாரும் என் பீப்பாயைத் தொட்டதில்லை. அது ஏன் அப்படி என்று கேட்டுக்கொள்ளவும் இல்லை.

கீழ்க்கோடியில் ஒரு பெண் இருந்தாள். தெருக் கூட்டுகிறவள், புருஷன் வாளி வண்டிக்காரன். வாய் பெரிது. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். "அண்ணே, கப்பலுக்கெல்லாம் ஊத்தின கை, என் குடத்துக்கும் ரெண்டு சொட்டு கூட ஊத்தக் கூடாதா" என்று சிரிப்பாள். நானும் சிரித்துக்கொண்டே ஊற்றுவேன்.

ஒரு நாள் பெரிய ரோட்டில் பள்ளம் தோண்டினார்கள். பைப்பு வந்துவிட்டது. தண்ணீர் ஆபீசிலிருந்து ஒரு துரையும் அவருக்கு எழுத்து வேலை பார்க்கிற ஒரு தமிழ்க் கிராணியும் வந்தார்கள். கம்பத்துக்கு ஒரு தெருப்பைப்பு கிடைக்கும். எங்கே நட வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து ஓர் இடம் சொல்லி எழுதிக் கைநாட்டு வைத்து, வருகிற வாரத்துக்குள் ஆபீசில் கொடுங்கள் என்று கிராணி சொன்னார். இன்னும் ஓர் இடத்து ஆட்களும் பைப்பு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், தாமதித்தால் அவர்களுக்குப் போய்விடும் என்றும் சொன்னார்.

கம்பத்தில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பைப்பு வந்தால் பிழைப்புப் போகிறவனும் நான் ஒருவன்தான். அது யாருக்கும் தோன்றவில்லையா, தோன்றியும் என்னை நம்பினார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சாயங்காலம் வேலை விட்டு வந்து எல்லாரும் நானா கடை வாசலில் கூடினார்கள். தாளும் பேனாவும் என்னிடம் கொடுத்தார்கள். கீழ்க்கோடிப் பெண்ணும் புருஷனோடு வந்து ஓரமாக நின்றாள்.

வாக்குவாதமே இல்லை. எல்லாரும் ஒரே இடத்தைத்தான் சொன்னார்கள். உன் வண்டி நிற்கிற இடம், அங்சானா மரத்தடி. துறைமுகத்தில் மூட்டைக்காரர்களுக்கு மேலாளான தண்டல் ஒருவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். எழுதிடு தம்பி, கைநாட்டு வைக்கிறோம் என்றார். நான் எழுத ஆரம்பித்தேன். ஐயா அவர்களுக்கு, கம்பத்து ஜனங்கள் வணக்கமாய் எழுதிக்கொள்வது என்று ஒரு வரி எழுதினேன். அடுத்த வரிக்குப் பேனா போகவில்லை.

மாடு வாங்கி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. நீ சின்னப் பிள்ளை. மறுபடி தோணியில் பம்பு அடிக்கிறதா என்று நினைத்தேன். பொய் எழுதலாமா என்றும் நினைத்தேன். அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. நான் யோக்கியன் என்று பெயர் எடுத்தவன். ஆகவே பொய் சொல்லாமல் தலையை நிமிர்த்தி ஒரு கேள்வி கேட்டேன்.

"சரி, எழுதுறேன். காலையில பைப்ப முதல்ல யாரு திறக்கிறது?"

அவ்வளவுதான் கேட்டேன். யார் பெயரையும் சொல்லவில்லை. யார் பக்கமும் பார்க்கவில்லை. அப்படித்தான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் பார்த்தேன். கீழ்க்கோடிக்காரர்கள் நின்ற ஓரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தாளைப் பார்த்தேன்.

பிறகு தண்டல், தம்பி கேட்கிறதும் நியாயம்தான் என்றார். பைப்பு என்றால் பித்தளைப் பிடி இருக்கும், அதை எல்லாரும் திருக வேண்டும். கிணற்றில் அவரவர் வாளி, பீப்பாயில் தம்பி ஒருத்தன் கை. இது அப்படி இல்லையே என்றார். வேறொருவர், அதையெல்லாம் கழுவிவிட்டுத் திறக்கலாமே என்றார். யார் கழுவுவது என்று இன்னொருவர் கேட்டார். மேல் கோடியில் நட்டால் சரியாகும் என்றார்கள். கீழ்க்கோடியிலிருந்து ஒருவர், அப்படியானால் நாங்கள் உங்கள் வீட்டு வாசலில் வந்து கையேந்தி நிற்கவா என்று கேட்டார். அதுவரைக்கும் கூடச் சீட்டு ஆடினவர்கள், ஒரே கிணற்றைச் சேர்ந்து தூர் வாரினவர்கள், ஊர்ப் பெயரையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டார்கள்.

நானா ரொட்டிக் கல்லை விட்டு வெளியே வந்தார்.

"ஏம்பா, நாகப்பட்டணத்துல கப்பல் ஏறினீங்களே, அங்க எத்தன தண்ணித் தொட்டி இருந்துச்சு? ஏழு நாளு ஒரே தொட்டியிலதானே மொண்டீங்க? என் கடைக் கிளாசுல எல்லார் வாயும் பட்டிருக்கு. கிளாசு செத்தா போச்சு?"

கப்பல் வேற, குடும்பம் வேற நானா, உங்களுக்கு இது புரியாது என்றார் தண்டல். நானா என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அங்கே வைத்து என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

கடைசியில் சமாதானம் என்ற பெயரில் ஒன்று முடிவானது. இரண்டு பைப்பு கேட்பது. மேல் கோடிக்கு ஒன்று, கீழ்க்கோடிக்கு ஒன்று. அதை நான்தான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள். அன்றைக்கு ரொம்பவும் அழகாக எழுதினேன். எல்லாரும் கைநாட்டு வைத்தார்கள், கீழ்க்கோடிக்காரர்களும் வைத்தார்கள். அந்தப் பெண் மட்டும் போகிறபோது என் பக்கத்தில் வந்து சிரிக்காமல் சொன்னாள்: "அண்ணே, உங்க பீப்பாய்க்கு வாய் ஒண்ணுதானே இருந்துச்சு."

ஆபீசுக்கும் நான்தான் கொண்டுபோனேன். கிராணி படித்துவிட்டுத் துரையிடம் போய்ச் சொன்னார். திரும்பி வந்து, "தண்ணியில எத்தன சாதி இருக்குன்னு துரை கேக்கிறாரு, நான் என்ன சொல்ல?" என்று கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். ஒரு கம்பத்துக்கு ஒரு பைப்புதான், ஓர் இடம் முடிவு பண்ணி வாருங்கள் என்றார். நான் வந்து சொன்னேன். முடிவாகவில்லை. ஆகாது என்று எனக்குத் தெரியும். பெரிய சாக்கடைக்கு அந்தப் பக்கம் சீனத் தோட்டக்காரர்களும் மலாய்க்காரர்களும் கலந்து குடியிருந்த கம்பம் ஒன்று இருந்தது. அவர்கள் ஒரே நாளில் இடம் சொல்லிவிட்டார்கள். பைப்பு அங்கே போனது. ஆபீசைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு என் தொழில் நன்றாக நடந்தது. இரண்டாவது மாடு வாங்கினேன். முன்னே தண்ணீருக்காக என்னிடம் வாங்கினவர்கள் இப்போது பெருமைக்காகவும் வாங்கினார்கள். சுத்தமான கை ஊற்றுகிற தண்ணீர் என்று தண்டலே சொல்வார். ஆனால் நான் கேட்ட கேள்வி என் வண்டியையும் விடவில்லை. நடு மரத்தடியில் நிறுத்தக் கூடாது, மேல் கோடியில் ஊற்றிவிட்டுத்தான் கீழே வர வேண்டும் என்றார்கள். சரி என்றேன். கீழ்க்கோடிக்குப் போகும்போது பீப்பாய் அடியில் வண்டல் கிடக்கும். அதைத்தான் அவர்களுக்கு ஊற்றினேன். விலை மட்டும் ஒரே விலைதான். அந்தப் பெண் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். அண்ணே என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு வறட்சி நாளில் மாட்டு நோய் வந்தது. இரண்டு மாடும் வாயில் நுரை தள்ளி ஒரே வாரத்தில் செத்தன. வேறு மாடு கொண்டுவர விடவில்லை, எல்லா இடத்திலும் தடை. கிணறு சேறாகிவிட்டது. நான் மறுபடி காவடிக் கம்பை எடுத்தேன். இரண்டு தகரம். எத்தனை நடை நடந்தாலும் நானா கடைக்கும் மேல் கோடியில் நாலைந்து வீட்டுக்கும்தான் சுமக்க முடிந்தது. வாடிக்கையை விட்டால் திரும்பக் கிடைக்காது என்று பயம். அதனால் தகரம் இரண்டும் ஊரார் வீட்டுக்கே போயின. தண்ணீர்க்காரன் வீட்டில் தண்ணீர் இல்லை.

உங்கள் அம்மாவுக்கு அப்போது ஏழாம் மாசம். உனக்கும் உன் தங்கைக்கும் நடுவில் ஏன் ஆறு வருஷம் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு பிள்ளை இருந்தது.

கம்பத்துப் பெண்கள் எல்லாரும் சாக்கடை தாண்டி அந்தப் பக்கத்துப் பைப்புக்குப் போனார்கள். மேல் கோடியும் கீழ்க்கோடியும் அங்கே ஒரே வரிசையில் நின்றார்கள். சீனத்திக்கும் மலாய்க்காரிக்கும் பின்னால் நிற்கிற இடத்தில் யாரும் யார் முதலில் என்று கேட்கவில்லை. கேட்டால் வீட்டுக்குப் போ என்பார்கள். உங்கள் அம்மாவும் போனாள். போக வேண்டாம் என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. நான் கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொல்வேன். கொண்டுவர மாட்டேன்.

சாக்கடைமேல் இரண்டு பலகை போட்டுப் பாலம் கட்டியிருந்தார்கள். குடம் தளும்பித் தளும்பி அது எப்போதும் வழுக்கும். காலையில் ஒன்பது மணி இருக்கும், நான் நானா கடையில் தகரத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சீனக் கிழவர் காய்கறி தள்ளுகிற கைவண்டியில் உங்கள் அம்மாவை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்தில் அந்தக் கீழ்க்கோடிப் பெண், ஒரு கையால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் தன் குடத்தோடு நடந்து வந்தாள். சேலை முழுக்க இரத்தம். பலகையில் வழுக்கி விழுந்தவளைச் சாக்கடையில் இறங்கித் தூக்கினவள் அவள்தான். மேல் கோடிப் பெண்கள் மூன்று பேர் கூட இருந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறார்கள்.

வீட்டுக்குள் படுக்க வைத்தோம். பிள்ளை உயிரில்லாமல் வந்தது. ஆண். உங்கள் அம்மா தண்ணி, தண்ணி என்றாள். வீட்டில் சொட்டுக்கூட இல்லை. என் இரண்டு தகரமும் நானா கடைத் தொட்டியில் காலி ஆகியிருந்தன. அந்த வீட்டில் இருந்த தண்ணீர் எல்லாம் அந்தப் பெண்ணின் குடத்தில் இருந்ததுதான். அவள் குடத்தைச் சாய்த்து எங்கள் வீட்டுச் செம்பில் ஊற்றினாள். வாசலில் தண்டலும் மற்றவர்களும் நின்று உள்ளே பார்த்தார்கள். அவர்கள் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

பிள்ளைகளே, அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா. "பொறு, நான் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு நானா கடைக்கு ஓடினேன்.

பெண்சாதி தாகத்தில் கிடக்கிறாள், பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது, நான் வேறு தண்ணீருக்கு ஓடினேன். நானா ஒன்றும் கேட்காமல் மொண்டு கொடுத்தார். கொடுத்துவிட்டு, "நீ தண்ணி வித்ததுக்கு உன்மேல குத்தமில்ல தம்பி. அன்னிக்கு நாலு பேரு நடுவுல ஒண்ணு வித்தே பாரு, அதத் திரும்ப வாங்க முடியாது" என்றார். நான் திரும்பி வந்தபோது அம்மா குடித்து முடித்திருந்தாள். அந்தப் பெண் செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். என் கையில் இருந்த தண்ணீரை யாரும் கேட்கவில்லை.

உங்கள் அம்மா அதைப் பற்றி என்னிடம் பேசினதே இல்லை. பல நாள் கழித்து ஒரு தடவை, நான் சோறு சாப்பிடும்போது, "அந்தத் தண்ணி நல்லா இருந்துச்சு" என்றாள். எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை.

பீப்பாயையும் வண்டியையும் கொடுத்துவிட்டு அந்தக் கம்பத்தை விட்டு வந்தோம். திரும்பவும் தோணிக்குப் போனேன். அந்தப் பெண்ணும் புருஷனும் அடுத்த வருஷமே எங்கேயோ மாறிப் போனதாகக் கேள்விப்பட்டேன். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் என்றார்கள், சிலர் கப்பல் ஏறிவிட்டார்கள் என்றார்கள். நான் தேடிப் போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்பது ஒரு காரணம். போகத் துணிவில்லை என்பது இன்னொன்று. நானாவும் கடையைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். சில வருஷம் கழித்துக் கம்பத்துக்கு ஒரு பைப்பு வந்தது என்று காதில் விழுந்தது. ஒன்றுதான், அங்சானா மரத்தடியில்தான். மனசு கொஞ்சம் லேசானது. அதோடு முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

முடியவில்லை என்பது நீ நம்ம வரிசை என்று சொன்ன அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் துறைமுகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே போனேன். பழைய முகம் ஒன்றும் இல்லை. மரம் பெருத்திருக்கிறது. அடியில் பைப்பு, பித்தளைப் பிடி தேய்ந்து பளபளக்கிறது. பிடிக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. நடுவில் யாரோ செங்கல் பதித்துக் கோடு கட்டியிருக்கிறார்கள். மேல் வரிசை முடிகிற வரைக்கும் கீழ் வரிசை காத்திருக்கிறது. பிறகு ஒருவர் பிடியில் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

மேல் வரிசையில் ஓர் இளைஞன் நின்றான். இருபது வயசு இருக்கும், நல்ல பிள்ளை, எனக்கு நிழலில் இடம் கொடுத்தான். ஏன் தம்பி இரண்டு வரிசை என்று கேட்டேன்.

"அது எங்க கம்பத்து வழக்கம் ஐயா. பரம்பரையா இப்படித்தான், தாத்தா காலத்துலேர்ந்து" என்றான்.

அந்தக் கம்பத்தில் யாருக்கும் தாத்தா இருந்ததில்லை. அவன் பிறந்தபோது அங்கே தென்னை நின்றது. அதைச் சொன்னேன். தாத்தா இல்லை தம்பி, இதை ஆரம்பித்து வைத்தது நான்தான், இந்த மரத்தடியில் தண்ணீர் விற்றவன், பைப்புக்கு மனு எழுதும்போது நான் கேட்ட ஒரு கேள்வியால் வந்தது இது என்று எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் பிள்ளை போனது வரைக்கும் சொல்ல இருந்தேன். அவன் அதற்குள் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அப்படியா பெரியவரே, நீங்கதானா அது? நல்ல காரியம் பண்ணி வச்சிருக்கீங்க. இல்லாட்டி தினமும் வெட்டுக்குத்துதான்" என்றான். பின்னால் திரும்பி, ஐயா யார் தெரியுமா என்று மற்றவர்களுக்கும் சொன்னான். வழி விட்டார்கள். முதலில் நீங்கள் குடியுங்கள் என்றார்கள்.

நான் அந்தச் செங்கல் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கத்து வரிசையின் கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண், கையில் புதுக் குடம். திரும்பிப் பார்த்தவள் குடத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு இரண்டு அடி விலகினாள்.

"இது எங்க வரிசைங்க" என்றாள். "உங்க ஆளுங்க வரிசை அந்தப் பக்கம். இங்க நின்னா அப்புறம் எங்களத்தான் ஏசுவாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வழி தெரியாதவனுக்குக் காட்டுகிற மாதிரிதான் சொன்னாள். நான் வரிசையை விட்டு விலகினேன். குடிக்காமலேயே நடந்து வீட்டுக்கு வந்தேன். நீ கூடத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாய், என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாய்.